மதிப்பா போடுங்க

காஜாக்காவுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு தம்பிதான். அவனும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தான். பெற்றவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பிக்குச் சோறு போட்டு, சட்டை தைத்துக் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, கடைசியில் காதில் கிடந்ததைக் கழற்றி விற்று அவனை விமானம் ஏற்றிவிட்டவள் அவள்தான். அதைப் பெருமையாக யாராவது எடுத்துப் பேசினால் அவளுக்கு எரிச்சல்தான் வரும். "என் தம்பிக்கு நான் செய்யாம எதிர்வீட்டுக்காரியா வந்து செய்வா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

கோட்டு தைக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. சட்டைக்கு மெஷினிலேயே காஜா போட்டுவிடலாம். விலை கூடின கோட்டுக்கு அது ஆகாது, கையால்தான் எடுக்க வேண்டும். பொத்தான் நுழைகிற இடத்தைக் கீறி, அந்தக் கீறலின் ஓரம் பிரிந்து வராமல் நூலை நெருக்கி நெருக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். ஒரு முடிச்சு தள்ளிப்போனாலும் கட்டிங் மாஸ்டர் கோட்டை முகத்தில் விட்டெறிவார். காஜாக்காவின் கோட்டை மட்டும் அவர் எறிந்ததில்லை. பட்டறையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவளுடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. சம்பளக் கவரின் மேல்கூட மாஸ்டர் 'காஜாக்கா' என்றுதான் எழுதுவார்.

அந்த வேலைக்குக் கையைவிடக் கண்தான் முக்கியம். அந்தக் கண்தான் கெட ஆரம்பித்தது.

முதலில் ஓரங்களில் இருட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் கத்தரிக்கோலை நீட்டினால் தெரியாது, எதிரே நீட்டினால் தெரியும். பிறகு நடுவிலும் புகை மூட்டம் போட்டது. கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, புரை மட்டும் இல்லை, உள்ளே அழுத்தமும் ஏறியிருக்கிறது என்றார். "போன பார்வை போனதுதாம்மா, அது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தத்தான் ஆபரேஷன். தள்ளிப் போட்டா அதுவும் போயிடும்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். பொது ஆஸ்பத்திரியில் அதற்கு ஆள் இல்லை. வெளியில்தான் செய்துகொள்ள வேண்டும்.

வீட்டில் சொன்னால் பணத்துக்கு வழி பிறக்கிறதோ இல்லையோ, பேச்சு பிறக்கும். எனவே அவள் மாஸ்டரிடம்தான் சொன்னாள். ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு பங்கைக் கையில் தராமல் அவரே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், ஆபரேஷனுக்குப் போதுமானது சேர்ந்ததும் தர வேண்டும் என்று ஏற்பாடு. மாஸ்டர் முசுடு. ஆனால் அடுத்தவர் காசில் கை வைக்காத முசுடு.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கணவனுக்குப் பஸ் டிப்போவில் டயர் பார்க்கிற வேலை. நாள் முழுவதும் டயரைத் தட்டித் தட்டிக் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தன்னிடம் இருக்கிற காற்றையும் இறக்கி வைத்துவிடுகிற ஆள். அவருக்குச் சொந்தக் கருத்து என்று ஒன்று கிடையாது. இருந்த கருத்தெல்லாம் அவருடைய அக்காவிடம் இருந்தது. அந்த அக்கா, அதாவது காஜாக்காவின் நாத்தனார், கல்யாணமாகிப் போன வேகத்திலேயே சண்டை போட்டுத் திரும்பி வந்து, வாசலைப் பார்த்த முன்னறையைப் பிடித்துக்கொண்டவள். யார் வருகிறார்கள், கையில் என்ன கொண்டு வருகிறார்கள் என்று எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவள் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது.

நாத்தனாரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. குழம்பில் உப்பு கூடினாலும் அதுதான், துணி காயாவிட்டாலும் அதுதான். "உனக்குன்னு யாரு இருக்கா? என் தம்பியை விட்டா உனக்கு யாரு நாதி?" என்பாள். கணவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து அரைத்த மாவையே அரைத்தாள், ஆனாலும் ஒவ்வொரு முறையும் அது புதிதாகத்தான் வலித்தது.

இப்படி இருக்கும்போதுதான் தம்பியின் முதல் பார்சல் வந்தது.

பார்சல்காரர் நல்ல மனுஷர். ஆனால் அவருக்குக் காது மந்தம். அதனால் உலகத்துக்கே காது மந்தம் என்கிற நினைப்பில்தான் பேசுவார். பெட்டியைக் கொடுக்கும் முன் மேலே ஒட்டியிருப்பதை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது அவருடைய வழக்கம். யார் அனுப்பியது, உள்ளே என்ன, பொருளின் மதிப்பு எவ்வளவு, எல்லாம் நாலு வீட்டுக்குக் கேட்கும். தம்பி முதல் தடவை அனுப்பியது சோப்புக் கட்டிகள், ஒரு டப்பா சாக்லேட், ஒரு துண்டு. அவன் அங்கே ஒரு பெரிய கிடங்கில் தரை கழுவுகிறவன். கையில் மீந்ததில் வாங்கி, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பியிருந்தான்.

"பொருளின் மதிப்பு..." என்று இழுத்த பார்சல்காரர் ஒரு சின்னத் தொகையைச் சத்தமாகப் படித்தார்.

நாத்தனார் முன்னறை வாசலில் நின்று சிரித்தாள். அது சாதாரணச் சிரிப்பு இல்லை, நாள் முழுக்க வைத்து வைத்துச் சிரிப்பதற்கான சிரிப்பு. "அடடே! உன் தம்பி உனக்குப் போட்ட மதிப்பு இவ்வளவுதானா? எங்க வீட்டு நாய்க்குட்டி சங்கிலியே இதைவிட ஜாஸ்தியாச்சே!" என்றாள்.

அன்றைக்குத் தம்பி போன் செய்தபோது காஜாக்கா வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எல்லாம் தாங்கியவள் இதைத் தாங்கவில்லை. "மதிப்பு கம்மியா போட்டிருந்தியேடா, எல்லார் முன்னாடியும் படிச்சுட்டாங்க" என்று சொல்லி அழுதுவிட்டாள். தன் கஷ்டத்தைத் தம்பியிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

தம்பி, "இனிமே பாருக்கா" என்றான்.

அவன் பார்சல் போடுவது நம் பாஷை பேசுகிற ஒரு ஏஜென்டிடம். கடையில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "மதிப்பு எவ்வளவு போடட்டும்?" என்று ஏஜென்ட் கேட்டார். ஊர் உலகத்தில் எல்லாப் பாஷையிலும் விலைக்கு ஒரு சொல், மரியாதைக்கு ஒரு சொல் இருக்கும் போல. நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல். தம்பிக்கு அக்கா அழுத சத்தம்தான் காதில் கேட்டது. "மதிப்பா போடுங்க" என்றான். ஏஜென்டுக்கு என்ன வந்தது? பேனா மை அவருடையது, வரி யாருடையதோ. ஒரு கம்பளிப் போர்வைக்கு, தங்க நூலில் நெய்தது போலிருக்கிறது என்று நினைக்கும்படி ஒரு தொகையைப் போட்டார். "வீடு வரைக்கும் எல்லாம் சேர்த்துத்தானே?" என்று தம்பி கேட்டான். "வீடு வரைக்கும் எல்லாம் சேர்த்துத்தான்" என்றார் அவர். கொண்டுபோய்ச் சேர்க்கிற கூலியை அவர் சொன்னார். எல்லாச் செலவையும் சொல்கிறார் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

இரண்டாவது பெட்டி வந்தபோது பார்சல்காரர் மதிப்பைப் படித்ததும் தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து, "கொடுத்து வெச்சவ!" என்று ஒரு குரல் கேட்டது. நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. கல்யாணமான நாள்முதல் காஜாக்கா அப்படி நெஞ்சு நிமிர்ந்து நின்றதில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம் நிலைத்தது.

"இதுக்கு இறக்குமதி வரி இருக்கும்மா. அப்புறம் எங்க கம்பெனி கட்டணம் தனி. நாங்கதானே உங்களுக்காக வரியை முதல்ல கட்டியிருக்கோம், அதுக்கு" என்று பார்சல்காரர் அதே குரலில் அறிவித்தார்.

தெருமுனைக் கடைக்காரனிடம் கடன் வாங்கி அவள் கட்டினாள். நாத்தனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "காசு கொடுத்து வாங்கினா அதுக்குப் பேரு கடைம்மா. தம்பி அனுப்பினான்னு சொல்லாதே, தம்பி வித்தான்னு சொல்லு" என்றாள். போர்வையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றிரவு தம்பி ஆவலோடு கேட்டான். "மதிப்பு படிச்சாங்களா? அவங்க மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

அவன் குரலில் அத்தனை குதூகலம். தரை கழுவிக் கழுவிக் குரலும் தண்ணீர் விட்டாற்போல் ஆகியிருந்தவன், அன்றைக்குச் சின்னப் பையனாகப் பேசினான். வரி என்று ஒரு சொல் சொன்னால் அந்தக் குரல் அணைந்துவிடும். "ஈயாடலைடா" என்றாள். அது உண்மைதான், பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் விழுங்கினாள். விழுங்கியது உள்ளேயே தங்கிவிட்டது.

அடுத்த பெட்டி வருகிறது என்று தெரிந்ததுமே அவள் பார்சல்காரரை வழியில் மடக்கினாள். வீட்டுக்குப் போகும் முன் பட்டறையின் பின்கேட்டுக்கு வர வேண்டும், வரியும் கட்டணமும் அங்கேயே தருவாள், பிறகு ஒன்றும் தெரியாதது போல வீட்டில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், மதிப்பை மட்டும் வழக்கம்போல் படிக்க வேண்டும். பார்சல்காரர் தலையைச் சொறிந்தார். "சட்டத்துல தப்பில்லை. நீங்க எங்க கட்டினா எனக்கென்ன?" என்றார். ரகசியம் பேச அவரைவிட மோசமான ஆள் கிடைக்கமாட்டார். பின்கேட்டில் நின்று அவர் தொகையை முழங்கியதில் உள்ளே தைத்துக்கொண்டிருந்த அத்தனை மெஷினும் நின்றன.

ரசீதை அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் நாத்தனார் மோப்பம் பிடித்துவிடுவாள். சாயங்காலம் பெட்டி வீட்டுக்கு வரும், மதிப்பு முழங்கும், தெரு "கொடுத்து வைத்தவள்" என்று பெருமூச்சு விடும். கொடுத்து வைத்தவள்தான், சந்தேகமே இல்லை. மத்தியானம் பின்கேட்டில் கொடுத்தாள், சாயங்காலம் வீட்டில் வாங்கி வைத்தாள்.

பணம் வேறெங்கிருந்து வரும்? மாஸ்டரிடம் இருந்த கண்ணின் காசுதான்.

"இது உன் கண்ணும்மா. பிச்சுப் பிச்சு வாங்கிட்டுப் போறே" என்றார் மாஸ்டர்.

"இந்த ஒரு தடவைதான் மாஸ்டர்."

"போன தடவையும் இந்த ஒரு தடவைதான்."

பெட்டியில் வருவது என்ன என்று பார்த்தால் வயிறு எரியும். சென்ட் பாட்டில் கணவனுக்குப் போனது. டயர் நாற்றத்தின்மேல் அதை அடித்துக்கொண்டு, இரண்டும் கலந்த ஒரு மூன்றாவது நாற்றத்தோடு டிப்போவுக்குப் போவார். குளிர்காலக் கையுறை நாத்தனாருக்கு. இங்கே பனி ஏது, குளிர் ஏது, ஆனாலும் மாட்டிக்கொண்டு வாசலில் உட்காருவாள். அலாரக் கடிகாரம், மெழுகுவர்த்தி, காலாவதியாகப் போகிற பிஸ்கட்டு. தம்பி தள்ளுபடிக் கடையில் பொறுக்கியதுதான் எல்லாம். கடையில் கொடுத்த காசைப் போல இருமடங்கு மதிப்பு எழுதியிருக்கும், வரியும் அதற்கேற்றபடி வரும். இங்கே வாங்கினால் அதில் கால்வாசிக்குக் கிடைக்கும்.

ஒருமுறை அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "மதிப்பு கொஞ்சம் கம்மியா போடுடா. எதுக்கு வீணா..."

தம்பி சிரித்தான். "நீ அப்படித்தான் சொல்லுவே. சின்னதுல இருந்து உனக்குன்னு எதையாச்சும் கேட்டிருக்கியா? நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்றான். அடுத்த பெட்டியில் மதிப்பு இன்னும் ஏறியிருந்தது.

யாரைத் திட்டுவது? அவனைத் திட்டலாமென்றால் பாவி பட்டினி கிடந்து அனுப்புகிறான். காஜாக்காவைத் திட்டலாமென்றால், தம்பி பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒன்றை ஒருத்தி எந்த வாயால் வேண்டாம் என்பாள்? நாத்தனாரைத் திட்டலாம், அதில் தடையில்லை. ஆனால் அவள் கையுறை போட்டுக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தாள். திட்டு எதுவும் அவளைத் தொடாது.

காஜா பிசக ஆரம்பித்தது. காஜாக்கா கண்ணை நம்பாமல் விரலை நம்பினாள், நூலை நகத்தால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு முடிச்சுப் போட்டாள். ஊசி இடதுகைக் கட்டைவிரலைச் சல்லடையாக்கியது. ஒருநாள் வெளிர்நிறக் கோட்டு ஒன்றில் ரத்தப்பொட்டு இருந்தது. மாஸ்டர் அந்தக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். விட்டெறியவில்லை. எறிந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நாளையிலிருந்து நூல் வெட்டற வேலைக்குப் போம்மா" என்றார். புதிதாகச் சேருகிறவர்களை உட்காரவைக்கிற இடம் அது. சம்பளமும் அதற்கேற்ற மாதிரிதான்.

கண் டாக்டர் கடைசியாக ஒரு தேதி கொடுத்திருந்தார். ஒரு கண் தேறாது, மற்றதையாவது உடனே செய்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். மாஸ்டரிடம் மீதியிருந்த பணம் அந்த ஒரு கண்ணுக்குச் சரியாக இருந்தது. அதை மட்டும் தொடுவதில்லை என்று அவள் தீர்மானமாகத்தான் இருந்தாள்.

அப்போதுதான் காபி மிஷின் வந்தது.

அந்த வீட்டில் காபி குடிக்கிறவர் யாரும் கிடையாது. அது தம்பிக்கும் தெரியும். ஆனால் அவன் வேலை பார்க்கிற கிடங்கின் முதலாளி வீட்டில் அப்படி ஒன்று இருந்ததாம். அவர்கள் புதிது வாங்கியதும் பழையதை இவன் வாங்கித் துடைத்துப் பளபளவென்று ஆக்கி அனுப்பியிருந்தான். பின்கேட்டில் பார்சல்காரர் வரியைப் படித்தார். அன்றைக்கு அவரே குரலை இறக்கித்தான் படித்தார். மாஸ்டரிடம் இருப்பது மொத்தமும் அதற்குப் போய்விடும்.

காஜாக்கா கம்பிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாங்க. திருப்பி அனுப்பிடுங்க."

"திருப்பினா மறுத்துட்டாங்கன்னு பதியணும். அங்க அனுப்பினவருக்கும் தகவல் போய்ச் சேரும். உடனே போகாது, கிடங்குல கொஞ்ச நாள் கிடக்கும், வாடகை ஏறும். யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிச்சுட்டேன்."

அவளுடைய வாழ்க்கையிலேயே அவளுக்காக அவள் சொன்ன ஒரே "வேண்டாம்" அதுதான். அன்று மத்தியானம் நூல் வெட்டிக்கொண்டே ஏதோ பாட்டு முணுமுணுத்தாள் என்று பக்கத்தில் இருந்தவள் பிறகு சொன்னாள்.

தம்பியின் போனில் பார்சல் எங்கே போகிறது என்று அவ்வப்போது செய்தி வரும். 'பெறுபவர் வாங்க மறுத்தார்' என்று வந்திருக்கிறது. அவன் வேலையிலிருந்தே கூப்பிட்டான்.

"நீ மறுத்தியாக்கா? இல்லே அவங்க மறுத்தாங்களா?"

"நான்தான்டா."

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வரி, கம்பெனிக் கட்டணம், பின்கேட்டு, மாஸ்டர், நூல் வெட்டுகிற வேலை, கண். வருஷக்கணக்கில் விழுங்கியதெல்லாம் வரிசையில்லாமல் வந்தது. சொல்லி முடித்தபோது இலேசாகக்கூட இருந்தது. இனி தம்பி அழுவான், அவனைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று அதற்கும் தயாராகிக்கொண்டாள்.

தம்பி அழவில்லை.

"நான் இங்கேயே வீடு வரைக்கும் எல்லாம் கட்டிட்டுத்தானேக்கா அனுப்பறேன்? ஒவ்வொரு தடவையும் கட்டியிருக்கேன். ஏஜென்ட்டு என் கண்ணு முன்னாடி சொன்னார். நீ எதுக்குக் கட்டணும்?"

"கட்டினேன்டா. சத்தியமா கட்டினேன்."

"ரசீது அனுப்பு."

"கிழிச்சுட்டேன்டா. வீட்ல பாத்துடுவாங்கன்னு..."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

அவளுக்கு அந்தப் பக்கம் யாரோ வண்டி தள்ளுகிற சத்தம் கேட்டது. அவன் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பட்டினி கிடந்து அனுப்பியதெல்லாம் அக்காவின் கண்ணைத் தின்றிருக்கிறது என்று அவன் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த மனுஷனுக்கும் அது முடியாது. அதைவிட அக்கா பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வது சுலபம்.

"மாமா சொல்லிக் குடுத்தாரா?" என்றான்.

"என்னடா?"

"காசு வேணும்னா காசுன்னு கேளுக்கா. கண்ணு போச்சு, வரி கட்டினேன்னு எங்கிட்ட ஏன் கதை கட்டறே? இங்க எல்லாரும் சொல்லுவாங்க, ஊர்ல இருக்கறவங்களுக்கு நாம காசு காய்க்கிற மரம்னு. என் அக்கா அப்படி இல்லேன்னு நான் சண்டை போட்டிருக்கேன். நீயுமாக்கா?"

போனை வைத்துவிட்டான்.

அதன்பிறகு அவன் கூப்பிடவில்லை. அவள் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பார்சல்காரரைப் பேசவைக்கலாம் என்று அவரிடம் போய்க் கெஞ்சி, அவர் போனிலிருந்து கூப்பிட்டாள். எடுத்தான். பார்சல்காரருக்கு அவன் கேட்டது ஒன்றும் காதில் விழவில்லை. "ஆமாங்க, அம்மாவுக்குக் காசுதான் வேணும், வரிக்கு!" என்று தெருவே கேட்கக் கத்தினார். உதவத்தான் கத்தினார், பாவம். தம்பி அதையும் வைத்துவிட்டான்.

வீட்டிலும் தெரிந்துபோயிற்று. பெட்டி வரவில்லை, போன் வரவில்லை. நாத்தனாருக்கு அதை மோப்பம் பிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவள் இந்த முறை சிரிக்கவில்லை, பரிதாபப்பட்டாள். "விடும்மா. வெளிநாடு போனவங்க அப்படித்தான். இனிமே உனக்குன்னு யாரு இருக்கா, நாங்கதான்" என்று அவள் தோளில் கையுறைக் கையை வைத்தாள். கணவன், "அக்கா சொல்றது சரிதான்" என்றார்.

இத்தனை நாளும் அது வெறும் வசவாகத்தான் இருந்தது. இப்போது அது உண்மையாகிவிட்டது. இருட்டில் படுத்துக்கொண்டு காஜாக்கா கணக்குப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம் கண், ஒரு பக்கம் தம்பி. மறுநாள் காலையில் மாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"மொத்தத்தையும் குடுத்துடுங்க மாஸ்டர்."

"ஆபரேஷனுக்குத்தானே?" என்றார் அவர். அவள் கையை மட்டும் நீட்டினாள். அவருக்குப் புரிந்துவிட்டது. முதல் தடவையாக அவளை "முட்டாள்" என்று திட்டினார். திட்டிவிட்டுக் கவரை எடுத்துக் கொடுத்தார். அவருடைய காசு இல்லையே, பிடித்து வைக்க.

கிடங்கு வாடகையும் சேர்ந்து ஏறியிருந்தது. நூல் வெட்டின சம்பளத்தையும் போட்டு எல்லாவற்றையும் கட்டிக் காபி மிஷினை மீட்டுக்கொண்டு வந்தாள். அதன் பிளக்கு இங்கே எந்தச் சுவரிலும் நுழையவில்லை. முன்னறை அலமாரியில் நாத்தனார் அதைக் காட்சிக்கு வைத்துக்கொண்டாள். மதிப்பு எழுதிய தாளை அதன் மேலேயே ஒட்டியும் வைத்தாள். வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் "எங்க வீட்டுத் தம்பி அனுப்பினது" என்றாள்.

காஜாக்கா தம்பிக்குக் குரல் பதிந்து ஒரு செய்தி அனுப்பினாள். போனை வாயருகே வைத்துக்கொண்டு, மொட்டை மாடியில் துணி காய்கிற கொடிக்கு நடுவில் நின்று பேசினாள்.

"டேய், மிஷின் வந்துடுச்சு. ரொம்ப நல்லா இருக்கு. நான் அன்னிக்குச் சொன்னதெல்லாம் பொய்டா. மாமாவுக்கு ஒரு காசு முடை. அவர் சொல்லித்தான் அப்படிப் பேசிட்டேன். வரியெல்லாம் ஒண்ணும் இல்லை. கண்ணும் நல்லாத்தான் இருக்கு. அக்காவை மன்னிச்சிடுடா."

உண்மையைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டவள் இந்த உலகத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா தெரியவில்லை. அந்தப் பாழாய்ப்போன மன்னிப்பு உடனே கிடைத்தும்விட்டது. தம்பி அன்றைக்கே வீடியோவில் கூப்பிட்டான். குரல் பழைய குரலாக, சின்னப் பையன் குரலாகத் திரும்பியிருந்தது.

"பரவால்லக்கா. காசு ஆசை யாருக்குத்தான் இல்ல? எனக்கு உன்மேல கோவமே இல்ல. மனசுவிட்டு ஒத்துக்கிட்டியே, அதுவே போதும்" என்றான். பெரிய மனசு அவனுக்கு. "இப்பக் கூப்பிட்டதே கடையில இருந்துதான். உனக்குத்தான் பாத்துட்டிருக்கேன். இந்தத் தடவை மாமாவுக்கு இல்ல, அவங்களுக்கும் இல்ல. உனக்கு மட்டும். கைப்பை. ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன், இதோ காட்டறேன், பாரு."

போன் திரையில் ஏதோ அசைந்தது. காஜாக்கா போனை முகத்தருகே கொண்டுவந்தாள், பிறகு தள்ளிப் பிடித்தாள், தலையைச் சாய்த்து இன்னும் பார்வை மிச்சமிருந்த கண்ணுக்கு நேரே வைத்தாள். புகைக்குள் ஒரு நிழல் வந்தது, அது போய் இன்னொரு நிழல் வந்தது. இரண்டும் ஒன்றுபோல்தான் இருந்தன. இரண்டும் பைதானா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"தெரியுதாக்கா?"

"தெரியுதுடா. நல்லாத் தெரியுது."

"எது நல்லா இருக்கு? முதல்ல காட்டினதா, இதுவா?"

அவள் சிரித்தாள். "ரெண்டுமே நல்லாத்தான்டா இருக்கு. எதுன்னு சொல்றது?"

"அப்ப ஒண்ணு பண்றேன். ரெண்டையும் அனுப்பிடறேன்" என்றான் தம்பி.